படை தங்கிய திராட்சைத் தோட்டம்

சரித்திரத்தில் எவன் ஜெயித்தான் என்பது என் மண்டையில் ஒருநாளும் தங்கியதில்லை. மழையில் நனைந்த வில்லின் நாணை எங்கே காயப்போட்டார்கள்? படையோடு போன நாவிதர் முதலில் யாருக்குச் சவரம் செய்தார்? இப்படித்தான் புத்தி ஈயாகப் பறக்கும். போன முறை மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், முற்றுகைக்குள் மாட்டிய கோட்டையில் கல்யாணம் நடந்திருக்குமா என்று கேட்டுவைத்தேன். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

இந்த முறை மகளுக்கே பிடித்த பையன். மனைவி காலையிலேயே கையெடுத்துக் கும்பிட்டாள். "இன்னைக்கு ஒரு நா வாயத் தொறக்காதீக. அவ ஆசப்பட்டுட்டா."

கம்பத்திலிருந்து பையனும், திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் அவன் அப்பாவும், அம்மாவும் வந்தார்கள். சன்னல் வெயில் ஒவ்வொருவர் மடியாக மாறி உட்கார்ந்தது. கேட்டதற்கெல்லாம் நான் தலையை மட்டும் ஆட்டினேன். பையனின் அப்பா முகம் சுருங்கியது. சம்பந்தத்தில் எனக்கு இஷ்டமில்லையோ என்று மனைவியிடமே கேட்டுவிட்டார். அவள் பலகாரத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். மகள்தான் அடுக்களை வாசலிலிருந்து, "அப்பா, எதையாச்சும் கேளுங்கப்பா," என்றாள்.

மடை திறந்துகொண்டது. "அந்தக் காலத்துல ஒரு பெரும்படை உங்க தோட்டத்துல தங்கிட்டுப் போகுதுன்னா என்ன செஞ்சிருப்பீக?"

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் யோசித்தார். "எந்த மாசம்?"

காய் தொங்கும்போது என்றால் விடமாட்டாராம். அறுவடை முடிந்து கொடியைக் கழித்துக் கவாத்து வெட்டிய பிறகென்றால் தாராளமாக. எங்கள் பக்கம் மலைமாட்டு மந்தையை ராத்திரி நிலத்தில் அடைத்து உரமேற்றுவதைக் கிடை போடுவது என்போம். அதற்காக வருசா வருசம் மந்தைக்காரர் பின்னால் அலைகிறவர் அவர். "அம்புட்டுக் குதிரையும் யானையும் சும்மா வந்து கிடை போடுதுன்னா விடுவனா? இன்னும் ரெண்டு நா இருந்துட்டுச் சண்டைக்குப் போங்க சாமின்னு ராஜா கையப் பிடிச்சிருப்பேன்."

பந்தல் ஆள் உயரம்தானே, யானை எப்படி நுழையும் என்றேன். வரப்பில் கட்டிவைத்து, அது போடும் லத்தியைக் கூடையில் அள்ளி வருவாராம். யானை லத்தி வெறும் சக்கை என்றேன். நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டார். குதிரை லத்தியின் சூட்டைக் கொடி வேர் தாங்குமா என்பதில் இருவர் குரலும் ஏறியபோது பையனின் அம்மா எழுந்தார்.

"இவுக சண்டைய முடிக்கிறதுக்குள்ள இருட்டிரும். ஆத்தா, நீ இங்கன வந்து உக்காரு."

நான் திரும்பிப் பார்க்கையில் மகள் தலையில் சம்மதப் பூ ஏறியிருந்தது.