வளையலுக்கு அடியில் ஓர் ஊசி

மூன்று வருஷத்துக்கு முன்னால், செங்கல்பட்டில் ஒரு அக்குபங்சர் கிளினிக்கில் நடந்தது இது. அப்போது நான் ஏழு மாத கர்ப்பிணி. வீடு செய்யூர் பக்கம். மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷனிஸ்ட் வேலை. வேலைக்கு வசதி என்று, வளைகாப்பு முடிந்தும் பிறந்த வீட்டுக்குப் போகாமல் மாமியார் வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

மற்றவர்களுக்கு மசக்கை மூன்று, நாலு மாதத்தில் நின்றுவிடும். எனக்கோ நின்றபாடில்லை. ஹோட்டலுக்கு வருகிறவர்கள் "வணக்கம்" என்றால், வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடுவேன். ஒரு வெளிநாட்டுக்காரர், இதுதான் இந்த ஊர் மரியாதை போலிருக்கிறது என்று தானும் வாயைப் பொத்திக் காட்டினார்! ஆனால் ஸ்கேனில் குழந்தையின் எடை குறைவு என்று வந்ததும் சிரிப்பெல்லாம் போய்விட்டது. சாப்பாடு தங்காவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்ந்து டிரிப்ஸ் ஏற்ற வேண்டியிருக்கும் என்றார் டாக்டரம்மா. மாத்திரையை நிறுத்தாமல் கூடவே அக்குபங்சரும் செய்து பார்க்கலாம் என்று சொன்னதும் அவர்தான்.

கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. மாமியாருடன் பஸ் ஏறினேன். சவுக்குத் தோப்பில் வேலை செய்து மகனைப் படிக்க வைத்தவர் அவர். பேச்சு வெடுக்கென்று இருக்கும். "வவுத்துப் புள்ளக்காரிக்கு ஊசியாம் ஊசி!" என்று வழி நெடுக முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

கிளினிக்கில் இருந்த டாக்டர் என் வயசுப் பெண். கர்ப்பிணிக்கு எங்கெல்லாம் குத்தவே கூடாது என்பதையும் விளக்கிச் சொன்னார். எனக்குத் தைரியம் வந்தது. "வாந்திக்கு இந்த இடம்தான் முக்கியம்" என்று மணிக்கட்டுக்குச் சற்று மேலே தொட்டவர், அப்படியே நின்றுவிட்டார். இரண்டு கையிலும் அடுக்கடுக்காக வளைகாப்பு வளையல்கள்.

"இதைக் கொஞ்சம் கழட்டிடலாமா?"

மாமியார் விருட்டென்று எழுந்தார். "இன்னா பேசற நீ? புள்ள பொறக்கற வரிக்கும் ஒரு வளையல் எறங்கக் கூடாது. எந்திரிம்மா, வூட்டுக்குப் போவலாம்."

எனக்கு அழுகையும் கோபமுமாக வந்தது. "வளையல் முக்கியமா, குழந்தை முக்கியமா அத்தை?" என்று கத்திவிட்டேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "தலைச்சன் வவுத்துல இருக்கசொல்ல, கட்டை தூக்க இடைஞ்சலா கீதுன்னு நான்தான் வளையலைக் கழட்டி வெச்சேன். புள்ள தங்கல" என்றார். என் கணவர் பிறப்பதற்கு முன்னால் அத்தைக்கு ஒரு குழந்தை உண்டானது எனக்கு அன்றுதான் தெரியும். வளையலால் எங்கேயாவது அப்படி ஆகுமா என்று கேட்க வாய் வரவில்லை.

பிறகு அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார். இரண்டு கை வளையல்களையும் ஒவ்வொன்றாக முழங்கைப் பக்கம் ஏற்றி, அழுத்தாமல் பிடித்துக்கொண்டார். "கழட்ட வேணாம். நான் புடிச்சிக்கினு கீறேன், நீ குத்தும்மா. ஒண்ணு ஒடஞ்சுது, அவ்ளோதான்!"

எறும்பு கடித்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். ஊசிகளை அப்படியே விட்டுவைத்திருந்த அரை மணி நேரத்தில், எத்தனையோ நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது, தன் மூக்கில் உட்கார்ந்த ஈயைக்கூட விரட்டாமல் அவர் அதே இடத்தில் இருந்தார். "பேஜாரு புடிச்ச ஈ! நீ தூங்கறியேன்னு சும்மா வுட்டேன்" என்று, டாக்டர் ஊசிகளை எடுத்த பிறகுதான் கையை உதறினார். பாவம், மரத்துப் போயிருந்தது.

வெளியே வந்ததும் எனக்குப் பசி! தயிர்சாதம் சாப்பிட்டேன். திரும்பும்போது பஸ்ஸில் ஏறியதுமே கண்டக்டரிடம், "பள்ளத்துல மெதுவா ஓட்டச் சொல்லுப்பா. இன்னிக்கித்தான் இது சோறு தின்னுகீது" என்றார் மாமியார். பஸ்ஸே சிரித்தது. வீடு வரைக்கும் சாப்பாடு தங்கியது.

அதன் பிறகும் சில வாரம் போனோம். ஒவ்வொரு முறையும் வளையலைப் பிடித்தது அவர்தான். வாந்தி அடியோடு நிற்கவில்லை, குறைந்தது. குழந்தையின் எடை ஏறியது. பெண் குழந்தை, இப்போது வீட்டையே இரண்டாக்குகிறாள். ஊசியா, மாத்திரையா, எது எவ்வளவு கைகொடுத்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் தன் பயத்தை விடவும் முடியாமல், என்னைப் பட்டினி போடவும் மனசு வராமல் அத்தை உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகு, யாராவது "கூடாது" என்று அடம்பிடித்தால் சண்டைக்குப் போகாமல், பக்கத்தில் உட்கார்ந்து என்ன நடந்தது என்று கேட்கிறேன்.