குரலில்லாத சீட்டு

திட்டும்போதுகூட 'ங்க' போடும் ஊர் எங்களுடையது. வார்த்தையில் சர்க்கரை இருக்கும், விஷம் குரலில் இருக்கும். என் அக்கா அன்புக்கரசிக்குச் சர்க்கரை மட்டும்தான் கேட்கும்.

பதினோரு வயதில் மூளைக்காய்ச்சல் அவளுடைய இரண்டு காதையும் தின்றுவிட்டது. இருபத்து நாலில் காதுக்குள் கருவி வைத்து ஆபரேஷன் செய்தார்கள். காதுக்குப் பின்னால் ஒரு வில்லை காந்தத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். பேச்சு மெல்ல மெல்லப் புரிந்தது. பாட்டு மட்டும் வரவில்லை. "தாளம் கேக்குதுடா. ராகம் வர்ற எடத்துல தகரத்தை இழுக்கறாப்பல இருக்குது" என்பாள். பேச்சின் ஏற்ற இறக்கமும் அப்படித்தான்; வார்த்தை புரியும், தொனி புரியாது.

அதை முதலில் வேடிக்கையாக்கியவன் நானேதான். பத்தாம் வகுப்புக் கணக்கு என்னைக் கைவிட்ட பிறகு எனக்கு மிஞ்சிய ஒரே வித்தை, குரல் மாற்றிப் பேசுவது. அவளைத் திரும்பி உட்காரச் சொல்லி, "சோறு வேணும்" என்று அழுதும் கொஞ்சியும் நக்கலாகவும் சொல்வேன். மூன்றுக்கும், "சாதாரணமாத்தான்டா சொன்னே" என்பாள். விழுந்து விழுந்து சிரிப்பேன். இப்போது என் வாயைப் பினாயில் ஊற்றிக் கழுவத் தோன்றுகிறது.

சிங்காநல்லூரில் ஒரு பம்ப்செட் பட்டறையில் அவள் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிறாள். இரண்டு வருடத்தில் அவள் சுற்றியது ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அவளுக்கு ஆசை, முடிந்த மோட்டாரை மீட்டரில் சோதிக்க அங்கே ஆளில்லாமல் காலியாகக் கிடந்த டெஸ்டிங் டேபிள் மேல். "மீட்டர் முள்ளுக்குக் குரல் கெடையாதுடா. பாத்தாப் போதும்."

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவளைக் கூட்டிவரப் போயிருந்தேன். ஓனர் வெங்கடபதி அவள் முதுகுக்குப் பின்னால் நின்று இழுத்து இழுத்துப் பேசினார்.

"அடேங்கப்பா, நாலு மோட்டாருங்களா! உங்களாட்டப் பக்குவமா வேலை செய்யறதுக்குக் கோயமுத்தூருலயே ஆள் இல்லீங்க அம்மணி. டெஸ்டிங் டேபிளே இனி உங்களுக்குத்தானுங்க!"

மற்றவர்கள் அன்று ஆளுக்கு ஏழு சுற்றியிருந்தார்கள். பட்டறையே சிரித்தது. அக்கா திரும்புவதற்குள் அவர் முகத்தை நேராக்கிக்கொண்டார். அவள் கைகூப்பினாள்.

திங்கட்கிழமை அரைக்கிலோ மைசூர்பாவோடு போனாள். வண்டியில் கொண்டுவிட்ட நானும் உள்ளே போனேன். எல்லோரும் வாங்கித் தின்றார்கள். வெங்கடபதி இரண்டை அமுக்கிவிட்டு, விரலை ஒவ்வொன்றாக நக்கியபடி மேனேஜரைப் பார்த்துக் கண்ணடித்தார். அக்காவை வாசலுக்கு இழுத்து வந்து, முகத்தைப் பார்க்க வைத்துச் சொன்னேன். "அக்கா, அன்னைக்கு அவர் சொன்னது நக்கலு."

"எல்லாருமா சிரிச்சாங்க?"

"ம்."

"நீயி?"

"கொஞ்சம்."

வில்லையைக் கழற்றித் துணியில் துடைத்தாள். பிறகு ஒட்டிக்கொண்டு உள்ளே வெங்கடபதியிடம் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"ஏனுங்ணா, சனிக்கெழமை சொன்னதை அப்படியே ஒரு சீட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. என்ற காதை நம்ப முடியறதில்லீங்க."

"அது... சும்மா சொன்னதுங்க அம்மணி..."

"சும்மாவே எழுதுங்க."

எங்கள் ஊரில் முதுகுக்குப் பின்னால் ஆளைக் கிழித்துத் தோரணம் கட்டலாம். ஆனால், அவள் கொடுத்த இனிப்பை விழுங்கிவிட்டு, "உங்களைக் கேலி பண்ணினேனுங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்ல எவனுக்கும் நாக்கு எழாது. வெங்கடபதி பில் தாளில் எழுதினார். எண்ணெய்க் கறையோடு அதே வார்த்தைகள். இளிப்பு மட்டும் தாளில் ஏறவில்லை.

"இன்னைக்கே உக்காந்துக்கட்டுங்களா?"

"உக்காருங்க" என்றார், தரையைப் பார்த்து.

சாயங்காலம் வண்டியில் வரும்போது, "பயங்கரமான ஆளுக்கா நீ" என்றேன்.

"நக்கலா?" என்றாள் பின்னாலிருந்து.

வண்டியை ஓரம் கட்டினேன். ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைக் காட்டினேன். நன்றாக உற்றுப் பார்த்தாள்.

"இந்த மூஞ்சியையும் நம்ப முடியாது. எழுதிக் குடு."

போனை எடுத்து எழுதினேன். பயங்கரத்தில் ஒரு எழுத்து தப்பு. அவள் அதைத் திருத்தவில்லை.