குழை கட்டுவது குற்றம் என்று எழுதியவன்

1. வெடி வைக்காத வாத்தியார்

வாழ்நாளில் நான் ஒரு தடவைகூடத் துப்பாக்கி பிடித்து வெடி வைத்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால், ஐம்பதுகளின் கடைசியில் நெடுங்கேணிப் பக்கத்து வேட்டைக்காரருக்குத் துவக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுத்தவன் நான்தான்.

அப்போது நான் அந்தப் பகுதியின் அரச அலுவலகமான காரியாதிகாரி கந்தோரில் துவக்கு லைசன் பிரிவுக் கிளாக்கர். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன். நிறையப் புத்தகம் வாசித்தவன். கந்தோரில் நான் கையாண்ட மிகப் பயங்கரமான ஆயுதம் குண்டூசி. அந்த வருடம் லைசன் கட்டணத்தைக் கூட்டினார்கள். கூட்டிய காசுக்கு ஏதாவது கொடுத்ததுபோல இருக்கட்டும் என்று எங்கள் காரியாதிகாரி தாமாகவே ஓர் ஏற்பாடு செய்தார். வருடா வருடம் லைசன் புதுப்பிக்க வருகிறவர்கள் அரைநாள் வகுப்பில் இருந்து, பாதுகாப்பு விதிகளைக் கேட்டுவிட்டுப் போகவேண்டும். வகுப்புக்கு வராதவருக்குப் புதுப்பிப்பு இல்லை.

"ஐயா, எனக்குத் துவக்கைப் பற்றி ஒன்றும் தெரியாதே" என்றேன்.

"உமக்கு இங்கிலீஷ் தெரியுந்தானே? இந்தப் புத்தகத்தைத் தமிழிலை சொல்லும். போதும்" என்று ஒரு சிறு நூலை மேசையில் போட்டார்.

இங்கிலாந்தில் அச்சான நூல். நான் உண்மையாகவே உழைத்து மொழிபெயர்த்தேன். பள்ளிக்கூட மண்டபத்தில் வாங்குப் பலகைகள் நிறைய ஆட்கள். ஒவ்வொருவரும் என் வயதுக்கு மேற்பட்ட வருடங்களைக் காட்டில் கழித்தவர்கள். சந்தன வாசம், வியர்வை, துவக்கு எண்ணெய். நான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தேன்: "குதிரையிலிருந்து இறங்கும்போது துவக்கை முதலில் தோழரிடம் கொடுக்க வேண்டும்."

கடைசி வாங்கிலிருந்து கதிரேசு எழும்பினார். குளத்துக்குக் கீழே வயல் செய்கிறவர். கேள்வி கேட்பதற்கென்றே பிறந்த ஆள்.

"கிளாக்கர் ஐயா, இந்தக் கூட்டின காசுக்குள்ளை குதிரையும் அடங்குமோ, இல்லாட்டி அதுக்கு வேறை கட்ட வேணுமோ?"

மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

"குதிரையை விடுங்கோ. வேறை ஏதும் சந்தேகம்?"

"ஒண்டு இருக்கு. என்ரை காணிக்கு ரெண்டு பக்கமும் காடு. காட்டுப்பண்டி ரெண்டு பக்கத்தாலையும் வந்து வயலைக் கிண்டுது. லைசன் ஒரு துவக்குக்குத்தான் எடுக்க ஏலும். ரெண்டாவதுக்குக் கட்ட என்னட்டைக் காசு இல்லை. மற்றப் பக்கத்துப் பண்டிக்கு ஐயா ஒரு கடிதம் எழுதுவியளோ?"

இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. விடை தெரியாத கேள்விகளுக்கு வாத்தியார்மார் செய்வதையே செய்தேன். அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

2. நான் கண்டுபிடித்தது

மற்றப் பக்கத்துப் பண்டிக்கு ஊரில் ஏற்கெனவே ஒரு விடை இருந்தது. அதற்குப் பெயர் கட்டுத்துவக்கு. லைசன் இல்லாத பழைய துவக்குக் குழல் ஒன்றை மரத்தோடு கட்டி, வெடிமருந்து இடித்து, பண்டி வரும் தடத்துக்குக் குறுக்கே நூல் இழுத்துவிடுவார்கள். நூலில் எது முட்டினாலும் வெடிக்கும். நூலுக்குப் பண்டி எது, மனிதன் எது என்று தெரியாது. சட்டப்படி பெருங்குற்றம். கட்டாத ஊர் இல்லை.

இதை எனக்குக் காட்டியவர் எங்கள் கந்தோர்ப் பியோன் பொன்னையா. ஐம்பதை நெருங்கிய, மெலிந்த மனிதர். நோட்டீசும் அழைப்பாணையும் கொண்டு ஊர் ஊராக நடப்பது அவருடைய வேலை. அந்த இரண்டு காலில்தான் அவருடைய வீட்டில் ஆறு பேர் சாப்பிட்டார்கள்.

ஒருநாள் பெயர்ப் பட்டியல் எடுக்க அவரோடு காட்டுப் பாதையால் நடந்தேன். ஓரிடத்தில் அவர் கையை நீட்டி என்னை மறித்தார். நெஞ்சளவு உயரத்தில் ஒரு கிளையில் பாலை மரத்து இலைக்குழை ஒரு பிடி, தலைகீழாகக் கட்டித் தொங்கியது.

"இதாலை போகேலாது ஐயா. சுத்தித்தான் போகவேணும்."

"ஏன், கோயிலோ?"

"கோயில் இல்லை. உள்ளுக்குத் துவக்கு கட்டிக் கிடக்கு. பின்னேரம் கட்டுறவன் பச்சைக் குழையும் கட்டுவான். விடியத் துவக்கை அவிழ்த்தால் குழையையும் எடுத்துப்போடுவான். பச்சைக் குழை கண்டால் ஒருத்தரும் உள்ளுக்குப் போக மாட்டினம்."

"கட்டாமல் விட்டால்?"

"குழை கட்டாமல் துவக்கு கட்டினவனுக்கு இந்த ஊரிலை பச்சைத்தண்ணியும் குடுக்க மாட்டினம்" என்றார் பொன்னையா. களவுப் பெயர் எடுத்தவனைப் பற்றிப் பேசுவதுபோல அதைச் சொன்னார்.

எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். குற்றம் செய்கிறவன் தானே அடையாளமும் கட்டிவைக்கிறான்! குழையைத் தேடினால் துவக்கு கிடைக்கும், துவக்கு கிடைத்தால் ஆள் கிடைப்பான். அன்று பின்னேரமே இரண்டு பக்கக் குறிப்பு எழுதினேன். துப்பறியும் கதைகள் அதிகம் வாசித்ததன் பலன். பொன்னையா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"ஐயா எழுதிறது குழையைப் பற்றியோ?"

"ஓம்."

"அதை எழுதாதேங்கோ ஐயா. துவக்கைப் பிடிக்கிறதெண்டால் பிடியுங்கோ. குழையிலை கை வையாதேங்கோ. நான் காட்டுக்குள்ளாலை திரியிறது அதைப் பாத்துத்தான்."

"துவக்கே இல்லாமல் போனால் குழை என்னத்துக்குப் பொன்னையா?"

நான் குடித்து முடித்த பிறகு அவர் வெறும் கோப்பையை எடுத்துக்கொண்டு போனார்.

3. மேலதிகாரியின் பாராட்டு

காரியாதிகாரி என் குறிப்பை மூன்று தடவை வாசித்தார். "நல்ல மூளை" என்றார். அரச சேவையில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. ஊர்த் தலைமைக்காரரான விதானைமாருக்கு உத்தரவு போனது: பாதையில் குழை கண்டால் உடனே அறிவிக்க வேண்டும். அந்தக் குழைக்குக் கிட்டிய காணிக்காரன் கந்தோருக்கு வந்து விளக்கம் சொல்ல வேண்டும். அவனுடைய லைசனும் நிறுத்திவைக்கப்படும். பாதுகாப்பு வகுப்பிலும் ஒரு புது விதி சேர்ந்தது. அது இங்கிலீஷ் நூலில் இல்லாத விதி, என் சொந்தச் சரக்கு. குழை கட்டுவது கட்டுத்துவக்குக்கு உடந்தை. குழை கட்டுவது குற்றம்.

முதல் மாதம் ஏழெட்டுப் பேர் அகப்பட்டார்கள். அதில் இரண்டு பேர் கோயில் நேர்த்திக்குக் குழை வைத்தவர்கள். இரண்டாம் மாதம் ஒருவர். அதற்குப் பிறகு எந்த விதானையும் ஒரு குழையையும் காணவில்லை. வருட அறிக்கையில் கட்டுத்துவக்கு என்ற தலைப்புக்கு எதிரே "ஒன்றுமில்லை" என்று எழுதினேன். எழுதி, அழகாகக் கோடும் போட்டேன்.

அந்த வருடமும் பண்டி இரண்டு பக்கத்தாலும் வந்தது. லைசன் கட்டணம் குறையவில்லை. இவை இரண்டும் அறிக்கையில் கேட்கப்படவில்லை.

4. மாரியில் ஒரு காலை

அடுத்த வகுப்புக்கான நோட்டீஸ் மார்கழியில் போகவேண்டும். நல்ல மழை. குளம் நிரம்பி வான் பாய்ந்து வண்டில் றோட்டை வெள்ளம் மூடியிருந்தது. முதல்நாள் பின்னேரம் பொன்னையாவைக் கூப்பிட்டேன்.

"விடியவே வெளிக்கிடும். ஆக்கள் வயலுக்கு இறங்க முந்தி நோட்டீஸ் கையிலை கிடைக்க வேணும்."

"வெள்ளத்தைச் சுத்திப் போனால் மத்தியானம் ஆகும் ஐயா."

"காட்டுக்குள்ளாலை போனால்?"

"போகலாம்." வெளியே மழையைப் பார்த்தபடி சொன்னார்: "அதுக்குள்ளை இப்ப குழை இல்லை ஐயா."

"குழை இல்லையெண்டால் துவக்கும் இல்லைத்தானே."

இதை நான் பகிடிக்குச் சொல்லவில்லை. என் அறிக்கையை நான் நம்பினேன். பொய் எழுதுகிறவனைவிட, தான் எழுதியதை நம்புகிறவன் ஆபத்தானவன் என்பது எனக்கு அப்போது தெரியாது. பொன்னையா என் முகத்தைப் பார்த்தார். நோட்டீஸ் கட்டை வாங்கி, மழைத்துணியில் சுற்றிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை பத்து மணிபோல விதானையார் நனைந்தபடி வந்தார். பொன்னையாவுக்கு வெடி. இடது முழங்காலுக்குக் கீழே. தூக்கி வண்டிலில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் கதிரேசு. வெடிச்சத்தம் கேட்டு முதலில் ஓடிவந்தவரும் அவர்தான். அவர் ஏன் அவ்வளவு கிட்ட நின்றார் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

வவுனியா ஆஸ்பத்திரியில் அந்தக் காலை வெட்டி எடுத்துவிட்டார்கள். நாலாம் நாள் நான் போனேன். தோடம்பழம் கொண்டுபோனேன். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் தோடம்பழப் பையோடு நிற்பவன் எவ்வளவு அற்பமாகத் தெரிவான் என்பதை அங்கே போன பிறகுதான் கண்டேன்.

"பொலிஸ் வந்து கேட்டதாமே?"

"ஓம். ஆளைத் தெரியாதெண்டு சொன்னனான்."

"கதிரேசுதானே?"

போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தபடி பொன்னையா சொன்னார்:

"அவன் முந்தி ஒரு பின்னேரமும் தவறாமல் குழை கட்டினவன் ஐயா. நிப்பாட்டச் சொன்னது நாங்கள்."

என் வகுப்பில் பொன்னையா பேசியது ஒரு சொல்கூட இல்லை. அவர் வாங்கு அடுக்கினார், தேத்தண்ணி கொடுத்தார். என் குறிப்பை எழுதவேண்டாம் என்று கேட்ட ஒரே ஆளும் அவர்தான். ஆனாலும் "நாங்கள்" என்றார்.

5. விளக்கம்

கடமையில் காயப்பட்ட ஊழியருக்கு நட்டஈடு உண்டு. அதற்கு முன் மேலிடத்திலிருந்து ஒரு விளக்கம் கேட்டார்கள். அங்கீகரிக்கப்பட்ட பாதை வண்டில் றோட்டு. இவர் காட்டுப் பாதையால் போனது யாருடைய சொல்லில்? பதில் எழுதவேண்டியவன் நான்.

காரியாதிகாரி கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "கவனமாய் எழுதும். நீர் போகச் சொன்னதெண்டால், குழை விசயமும் வெளியிலை வரும். பிறகு அறிக்கையும் பொய்யாகும். உமக்கும் எனக்கும் சேர்த்துத்தான் கேள்வி."

இரண்டு நாள் அந்தத் தாளை மேசையில் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் எழுதினேன். இங்கிலீஷில் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "மேற்படி ஊழியர் குறித்த பாதையால் செல்லுமாறு எழுத்து மூலம் பணிக்கப்படவில்லை."

ஒரு சொல்லும் பொய் இல்லை. எழுத்து மூலம் நான் பணிக்கவில்லைத்தானே.

பொன்னையாவும் அதில் கையெழுத்து வைக்கவேண்டும். அவருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. கோலை ஊன்றிக்கொண்டு கந்தோருக்கு வந்தார். தாளை நீட்டினேன். "என்ன எழுதியிருக்கு?" என்று அவர் கேட்டிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் சில வேளை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

"ஐயா எழுதினால் சரியாத்தான் இருக்கும்" என்று கையெழுத்து வைத்தார்.

நட்டஈடு மறுக்கப்பட்டது. அங்கீகரிக்கப்படாத பாதை. கையில் ஏதோ சிறு தொகை கொடுத்து அவரைச் சேவையிலிருந்து விடுவித்தார்கள். தை மாதம் வகுப்பு வழக்கம்போல நடந்தது. கதிரேசு வந்து கடைசி வாங்கில் இருந்தார். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. நான் குதிரையிலிருந்து இறங்கும் விதியைத் தாண்டிப் போனேன். குழை விதியை மட்டும் தாண்ட முடியவில்லை, அது உத்தரவாகிவிட்டது. கண்ணை நிமிர்த்தாமல் வாசித்தேன். கதிரேசு வரவுப் புத்தகத்தில் கையெழுத்திட்டு, கட்டணம் கட்டி, லைசனை வாங்கிக்கொண்டு போனார். ஒரு துவக்குக்கு.

அரச சேவைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமார் என்னிடம் புத்தி கேட்டால் நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். ஒரு குற்றத்தை ஒழித்துவிட்டதாக எழுத முதல், நீங்கள் அழித்த அடையாளத்தைப் பார்த்து நடந்தவர் யார் என்று கேளுங்கள். பிறகு அந்தப் பாதையால் ஒரு தடவை நீங்களே நடந்து பாருங்கள். பியோனை அனுப்பாதீர்கள்.

நான் நடக்கவில்லை. அந்த வருடக் கடைசியில் எனக்குச் சம்பளத்தில் ஒரு படி உயர்வும் வவுனியாவுக்கு மாற்றமும் கிடைத்தன. சிபாரிசுக் கடிதத்தில் காரணம் ஒரே வரியில் இருந்தது: இவருடைய பிரிவில் கட்டுத்துவக்கு ஒன்றுமில்லை.