மூன்று வருஷம் கேட்ட அடைக்கலசாமி

அரியலூர் ரயிலடிக்குத் தெற்கே, வீடு கட்டும் கூட்டுறவுச் சங்கம் ஒன்று எழுப்பிய இருபத்தெட்டு வீடுகள் இருந்தன. தெருவும் சாக்கடையும் குடிநீர்க் கிணறும் பொது. அவற்றைக் கவனிக்க ஐந்து டைரக்டர்கள். பதவிக்காலம் மூன்று வருஷம். இடையில் ஒருவர் இறந்தாலோ மாற்றலாகிப் போனாலோ, அந்த இடத்துக்கு வருகிறவர் முன்னவர் விட்டுச்சென்ற மீதிக் காலம்வரைதான் இருக்கலாம் என்பது சங்கத்தின் விதி.

மீதிக் காலம் என்றாலே எல்லோருக்கும் அடைக்கலசாமியின் நினைவு வந்துவிடும். ஏலாக்குறிச்சிக்காரர், பள்ளியில் கணக்கு வாத்தியார். 1940க்குப் பிறகு ஆறு வருஷத்தில் நான்கு முறை காலியிடத்தில் உட்கார்ந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் மாற்றலானபோது ஏழு மாதம். ஒரு நெல் வியாபாரி இறந்தபோது ஐந்து. ஒரு தடவை வெறும் நாற்பது நாள். அவரைப் பெரிய மனிதர் என்று நான் சொல்ல வரவில்லை. அடுத்தவர் பேசிக்கொண்டிருக்கும்போதே விதிப் புத்தகத்தைப் புரட்டுவார். அது பலருக்கு எரிச்சலாக இருக்கும்.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. கிணறு மேற்குக் கோடியில் இருந்ததால் கிழக்கே குடியிருந்தவர்கள் தெரு முழுக்கக் குடம் சுமந்தார்கள். கிழக்கே இன்னொரு கிணறு வெட்ட வேண்டும். அடியில் சுண்ணாம்புப் பாறை. கோடையில்தான் வெட்ட முடியும். இரண்டு கோடையாவது ஆகும். முடிக்க முடியாததைத் தொடங்கக் கூடாது என்று எண்ணி, ஒவ்வொரு முறையும் முன்னவர் விட்டுப்போன வேலைகளையே முடித்துவிட்டு எழுந்து வந்தார்.

1946இல் சங்க உறுப்பினர்கள் கூடிய மகாசபையில் இரண்டு டைரக்டர் இடங்கள் காலி. ஒன்று முழு மூன்று வருஷம். மற்றது இறந்துபோன டைரக்டரின் மீதிப் பதினொரு மாதம். போட்டியிட்டவர்கள் அடைக்கலசாமியும் மில் குமாஸ்தா வேணுகோபாலும் மட்டும். ஆகவே இருவருக்கும் இடம் உறுதி. அதிக ஓட்டு வாங்கியவருக்கு நீண்ட காலம்.

"மூணு வருஷம்தான் வேணும்னு வாயத் தொறந்து கேளுங்களேன்" என்றாள் மனைவி மதலேனம்மாள்.

"கேட்டா வாங்கணும்? அவுங்களுக்குத் தெரியாதா?"

"உங்க மனசுக்குள்ள என்ன இருக்குன்னு தெருவுக்கு எப்படிங்க தெரியும்?"

அவர் கேட்கவில்லை.

கை தூக்கி ஓட்டுப் போடும்போது போட்டியிடுபவர்கள் வெளியே நிற்பது அங்கே வழக்கம். முகத்துக்கு எதிரே கை தூக்குவது மரியாதையாகாது. இருவரும் வேப்பமரத்தடிக்குப் போனதும் தலைவர் அமிர்தலிங்கம் சிரித்தார்.

"சாருக்கு எதக் குடுத்தாலும் வாங்கிக்குவாரு. வேணுகோபாலு மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவான்."

"சார் நம்ம வூட்டு ஆளுங்க. கடைசிப் பந்தியில உக்காருவாரு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சபை சிரித்தது.

கல்யாண வீட்டில் உரிமைப்பட்டவர்கள் கடைசியாக உட்கார்ந்து, பாத்திரத்தின் அடியில் மிஞ்சியிருப்பதைச் சாப்பிடுவார்கள். பதவிக்காலத்தையும் அப்படியே பரிமாறிவிட்டார்கள். வேணுகோபாலுக்குப் பதினைந்து கை, வாத்தியாருக்கு ஒன்பது. இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. இருந்திருந்தால் அவர் எதிர்த்தாவது பேசியிருக்கலாம்.

உள்ளே வந்து முடிவைக் கேட்டதும் அடைக்கலசாமி உட்காரவில்லை.

"எனக்கு மூணு வருஷம் வேணும்னு இருந்துதுங்க" என்றார். "கெழக்க கெணறு வெட்டறதுக்கு."

அமிர்தலிங்கம் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "இத மொதல்லயே சொல்லக் கூடாதா, சார்?"

வேணுகோபால் எழுந்தார். "இதுக்கென்னங்க, மாத்திக்குவோம். நீங்க மூணு வருஷத்த எடுத்துக்குங்க. எனக்கு மீதி போதும்."

கைதட்டல் எழுந்தது. அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் அடைக்கலசாமி விதிகளை அறிந்தவர்.

"சபை போட்ட ஓட்ட நாம ரெண்டு பேரு மாத்திக்க முடியாதுங்க. விதியில எடமில்ல."

"யாருங்க பாக்கப்போறா?"

"நான் பாப்பேனே."

இதை நேர்மை என்பதா, பழக்கம் என்பதா? எனக்கு இன்னும் தெளிவில்லை. தனக்கு வேண்டியதைத் தன் வாயாலேயே இல்லாமல் செய்துகொண்ட மனிதர், அன்று மாலை கிழக்குக் கோடியில் கயிற்றைப் பிடித்து மண்ணில் கிணற்றுக்கு வட்டம் போட்டார். இருபத்திரண்டு அடி இறங்கியபோது அவருடைய பதினொரு மாதம் முடிந்தது. ஈரம் கசிந்தது, தண்ணீர் வரவில்லை. பாதிக் கிணற்றை மூடச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. அடுத்த கோடையில் வேணுகோபால் மேற்பார்வையில் ஊற்று கண்டது.

"கெணத்துக் கல்லுல வேணுகோபாலு பேருதான் வெட்டியிருக்காங்க" என்றாள் மதலேனம்மாள், புதுக் கிணற்றுத் தண்ணீரை இறக்கிவைத்தபடி.

"அவருதானே முடிச்சாரு."

சொல்லும்போது அடைக்கலசாமிக்கு வருத்தமே இல்லை என்று எழுத எனக்குத் துணிவில்லை. தண்ணீரை மட்டும் இரண்டு செம்பு குடித்தார்.