சிவப்பு போன கண்

பங்குனி கடைசியில்தான் மாமாவின் கண் முதலில் சிவந்தது. மாமா என்றால் என் அக்கா புருஷன். கத்திவாக்கத்தில் ஒரு ஃபைபர் போட் வைத்திருக்கிறார். என்ஜின் பிடிப்பது அவர், வலை இழுப்பது நான். கோடையில் பெரிய போட்டுகளுக்குத் தடைக்காலம். எங்களை மாதிரி சின்ன போட்டுகள் மட்டும் போய் வரும்.

கிழக்கே போனால் சூரியன் நேராக முகத்தில்தான் எழும்பும். கடலில் வெயிலுக்கு இரண்டு முகம். மேலிருந்து அடிப்பது போதாதென்று தண்ணீரிலிருந்தும் எகிறி அடிக்கும். மாமாவின் மூக்கும் பிடரியும் தோல் உரிந்து, உரிந்த இடம் ஆறுவதற்குள் மறுபடி கருகும். வெள்ளை விழியில் மூக்கோரமாக ஒரு மெல்லிய சதை கிளம்பியிருந்தது. சாயங்காலமானால் கண் செக்கச் சிவந்து நீர் வடியும்.

அக்கா கறுப்புக் கண்ணாடியும் அகலத் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் வாங்கி வந்தாள். மாமா ஒரு நாள் போட்டுப் பார்த்தார். கண்ணாடியில் உப்புத் தண்ணி தெறித்தது. கரையில் வேறு, "இன்னா மாமு, ஷூட்டிங்கா?" என்று கிண்டல். மூன்றும் பரண் மேல் போய்விட்டன.

பிறகு திருவொற்றியூர் போன இடத்தில், ஒரு மருந்துக் கடையில் கண்ணைக் காட்டிச் சொட்டு மருந்து வாங்கி வந்தார். மறுநாளே சிவப்பு காணாமல் போய்விட்டது. குழந்தை கண் மாதிரி வெளுத்திருந்தது.

"பாத்தியாமே? இதுக்குப் போய் கண்ணாடி, தொப்பின்னு பேஜாரு பண்ணிகினு இருந்த."

"டாக்டராண்ட ஒரு வார்த்த கேட்டுக்கயேன்யா," என்றாள் அக்கா.

"நல்லாக்கீற கண்ண வச்சிகினு டாக்டராண்ட இன்னாத்துக்குப் போறது?"

கண் உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. மருந்து தீர்ந்தால் அடுத்தது வாங்குவார். சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். என்ஜினை ஓடவிட்டு, தலையை அண்ணாந்து ஊற்றிக்கொள்வார். அந்தக் கோடை போய், மழை போய், அடுத்த கோடையும் வந்தது.

வாசற்கால் நிலையில் அவர் இடது தோளை இடித்துக்கொள்ள ஆரம்பித்தார். துறைமுக விளக்குகளைச் சுற்றி வானவில் மாதிரி வட்டம் தெரிவதாக ஒரு முறை சொன்னார். பனி என்று நினைத்தேன். சித்திரையில் ஏது பனி என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒரு நாள் மீனோடு முகத்துவாரத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தோம். அலை இல்லை, கடல் தட்டு மாதிரி கிடந்தது. இடது பக்கமிருந்து ஒரு போட் வெளியே வந்தது. நான் வலையிலிருந்து நண்டை எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் ஒதுங்கிப் போவார் என்று நினைத்தேன். அவர் நேராக விட்டுக்கொண்டே போனார்.

"மாமா! மாமா, லெப்டு!"

அவர் லேசாகத்தான் திரும்பினார், அந்த போட் அவருடைய இடது ஓரத்திலேயே இருந்தது. அப்படியும் அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. எதிராளிதான் வெட்டித் திருப்பி மணல் திட்டில் ஏற்றினான். எங்கள் போட் அவன் பக்கத்தை உரசிக்கொண்டு போயிற்று.

"இன்னா நைனா, கண்ணு பொட்டையா உனக்கு?" என்று கத்தினான்.

மாமா திருப்பிக் கத்துகிற ஆள். அன்று என்ஜினை மெதுவாக்கிக் கரைக்கு விட்டார். கரை வந்ததும், "அல தள்ளிடுச்சுரா," என்றார் என்னிடம். நான் சரி என்றேன். வீட்டுக்குப் போய் அக்காவிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

அக்கா மறுநாளே அவரைக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நானும் கூடப் போனேன். டாக்டரம்மா வெளிச்சம் அடித்துப் பார்த்தார், ஏதோ கருவியை வைத்துக் கண்ணின் அழுத்தம் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"கண்ணுக்கு ஏதாவது மருந்து ஊத்தறீங்களா?"

மாமா சட்டைப் பையிலிருந்து அதை எடுத்துப் பெருமையாக நீட்டினார். "இத்த ஊத்துனப்பறம் செவப்பே இல்ல மேடம்."

அந்தம்மா பெயரைப் படித்துவிட்டு மருந்தை மேசை ஓரமாகத் தள்ளி வைத்தார். "எவ்வளவு நாளா?"

"போன கோடைலேர்ந்து."

"சிவப்பு போனது இதாலதான். பார்வை போனதும் இதாலதான். இதைத் தொடர்ந்து ஊத்தினா சிலருக்குக் கண்ணுல அழுத்தம் ஏறும். வலிக்காது. உள்ள இருக்கற நரம்பு செத்துக்கிட்டே வரும். இடது கண்ணுல ஓரப் பார்வை சுத்தமா இல்ல. வலது கண்ணுலயும் லேசா ஆரம்பிச்சிருக்கு. போனது திரும்பாது. மிச்சத்தைக் காப்பாத்தலாம்." பிறகு அந்தச் சதையைக் காட்டி, "இது வெயிலாலயும் உப்புக் காத்தாலயும் வர்றது. கண்ணாடியும் தொப்பியும் போட்டிருந்தா இந்தளவு வளர்ந்திருக்காது," என்றார்.

அக்கா அழவில்லை. வெளியே வந்து மாமாவின் இடது பக்கமாகப் போய் நின்றுகொண்டாள்.

இப்போது அழுத்தம் குறைக்கிற மருந்து ஊற்றுகிறார். கண்ணாடி, கயிறு கட்டிய தொப்பி, முழுக்கைச் சட்டை எல்லாம் போட்டுக்கொண்டுதான் வருகிறார். என்ஜின் என்னிடம். வலை பின்னுகிற இடத்தில் கண் சிவந்த ஆளைக் கண்டால் நின்று, அந்தச் சொட்டு மருந்து வேண்டாம் என்று சொல்லிப் பார்க்கிறார். "உனக்கு ஒத்துக்கல மாமு, எனக்கு நல்லாத்தான் கீது," என்று சிரிக்கிறார்கள்.

நேற்று கடலில் போட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். நங்கூரம் போட்ட கப்பல்கள் வெயிலில் வெள்ளையாகக் கொதித்துக்கொண்டிருந்தன. திடீரென்று, "இந்தப் பக்கம் ஏதோ நவுந்துகினு வருதாடா?" என்றார்.

அவர் காட்டியது இடது பக்கம் அல்ல, வலது பக்கம். அங்கே வெறும் தண்ணீர்தான் இருந்தது.