முதுகு வலி என்று சொன்னோம்

மேடத்தின் கைப்பை பழுப்பு நிறம். வங்கியின் பின்பக்கத் தகரக் கொட்டகையில், ஸ்கூட்டர்களுக்கு நடுவே அவருடைய சைக்கிள் நிற்கும். யாராவது அந்தப் பக்கம் வந்தால் போதும், பை சைக்கிள் சீட்டின் மேல் ஏறிவிடும். சாவியைத் தேடுகிறவர் போல மிக இயல்பாக வைப்பார். பைக்கு அடியில் இருந்தது ஒரு ஜெல் உறை. இணையத்தில் வாங்கியது, கறுப்பாக, கொழகொழவென்று அமுங்கும், கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டும். கிளை மேலாளரான மேடம் சீட்டுக்கு மெத்தை கட்டி ஓட்டுகிறார் என்பது காசாளருக்கோ, நகைக்கடனுக்கு வந்து நிற்கிறவர்களுக்கோ தெரிந்துவிடக் கூடாது. அந்தப் பை எதை மறைக்கிறது என்று எனக்கு வந்த வாரமே தெரிந்துவிட்டது. ஏனென்றால் என் சைக்கிளிலும் அதே உறைதான். நான் கொட்டகைக்குள் நுழையும் முன்பே கழற்றி டிபன் பைக்குள் திணித்துக்கொள்வேன்.

பரமத்தி வேலூர் கிளைதான் எனக்கு முதல் வேலை. பொறியியல் படித்துவிட்டு வங்கித் தேர்வு எழுதி வந்தவள் நான். எதையாவது புதிதாகக் கண்டால் அன்றைக்கே வாங்கி, அன்றைக்கே கற்று, மறுநாள் நாலு பேருக்குச் சொல்லியாக வேண்டும். சைக்கிளும் அப்படித்தான் வந்தது. மேடத்துக்கு அது வேறு வழியில் வந்தது. பிளஸ் டூ வரை சைக்கிளில் பள்ளிக்குப் போனவர், கல்யாணத்தோடு விட்டுவிட்டார். மகன் வெளியூர்க் கல்லூரிக்குப் போன பிறகு, ஐம்பதை நெருங்கும் வயதில், யாரிடமும் கேட்காமல் கடைக்குப் போய் வாங்கி ஓட்டிக்கொண்டே வீடு சேர்ந்திருக்கிறார். "மாமியாருக்குச் சுடுதண்ணி, அவருக்குக் காப்பி, அப்புறம் பேங்குச் சாவி. நடுவுல இந்த ஒரு மணி நேரந்தான் சாமி எனக்குன்னு இருக்குது" என்பார். இதைச் சொல்லும்போது குரலில் குறை எதுவும் இருக்காது. கிடைத்ததை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பவரின் கெட்டித்தனம் மட்டும் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் சேர்ந்து போவோம். வாய்க்கால் கரையோடு, வெற்றிலைக் கொடிக்கால்களையும் வாழைத்தோப்புகளையும் தாண்டி, ஜேடர்பாளையம் வரை. கடன் கோப்புகளுக்கு நடுவே சதா நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருக்கும் அந்த அம்மாள், சைக்கிளில் ஏறியதும் ஆளே மாறிவிடுவார். எதிரில் யாரும் இல்லாத ரோட்டில் மணி அடிப்பார். கேட்டால், "அடிக்கத்தான மணி?" என்பார். ஆனால் கொஞ்ச தூரம் போனதும் இரண்டு பேருக்கும் அது தொடங்கிவிடும். முதலில் எரிச்சல், அப்புறம் குத்தல், அப்புறம் அந்த இடமே நம்முடையது இல்லை என்பது போன்ற மரத்துப்போதல். மேடம் திடீரென்று இறங்கி, "கொடிக்காலைப் பாரு, என்னா பச்சை!" என்று வியந்து நிற்பார். நானும் உடனே இறங்கி, "ஆமாங்க மேடம், ஒரு போட்டோ எடுத்துக்கறேன்" என்பேன். என் போனில் இன்றைக்கும் வெற்றிலைக் கொடிகளின் படங்கள் கொட்டிக் கிடக்கின்றன. ஒன்றைக்கூட நான் திரும்பப் பார்த்ததில்லை. "உனக்கு ஒண்ணும் இல்லையே?" என்று அவர் கேட்பார். "சூப்பரா இருக்குங்க மேடம். உங்களுக்கு?" "எனக்கென்ன, இன்னும் நாலு ஊரு போவேன்." பிறகு இருவரும் பெடலின் மேல் எழுந்து நின்றபடியே வீடு வந்து சேருவோம்.

நான் வாயில்லாப் பூச்சி அல்ல. கல்லூரியில் பெண்களுக்கான மாதவிடாய் விடுப்பைப் பற்றி மேடை ஏறி வாதாடிக் கைதட்டு வாங்கியவள். ஆனால் "எனக்கு இங்கே வலிக்கிறது" என்ற ஒரு வாக்கியம், அதுவும் ஒரு பெண்ணிடம், அதுவும் அதே இடத்தில் வலித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணிடம், எனக்கு வரவில்லை.

சேலத்தில் சைக்கிளை உடம்புக்குப் பொருத்தித் தரும் இடம் ஒன்று திறந்திருப்பதாகத் தெரிந்ததும், மேடத்திடம் சொல்லாமல் தனியாகப் போனேன். என் வயதுக்காரர் ஒருவர்தான் நடத்தினார். சைக்கிளை ஒரு தாங்கியில் நிறுத்தி, நம்மை ஓட்டச் சொல்லி, பக்கவாட்டில் கேமரா வைத்து, முழங்காலும் இடுப்பும் எந்தக் கோணத்தில் மடங்குகின்றன என்று கணினியில் கோடு போட்டுக் காட்டுவார். மூலையில் கறுப்பாக ஒரு மெல்லிய விரிப்பு சுருட்டி வைத்திருந்தது. அது என்ன என்று எனக்குத் தெரியும். வருவதற்கு முன்பே அதைப் பற்றி வீடியோக்கள் பார்த்திருந்தேன். சீட்டின் மேல் அதைப் போர்த்தி உட்கார்ந்தால், உடம்பின் பாரம் எங்கே எவ்வளவு விழுகிறது என்பதை நீலம் முதல் சிவப்பு வரை நிறங்களாகத் திரையில் காட்டும்.

"என்னங்க தொந்தரவு?" என்றார்.

"முதுகு வலிங்க" என்றேன்.

அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தபடி கேட்டார்: "சீட்ல ஏதாச்சும்... அசவுகரியம் இருக்குதுங்களா?"

"இல்லைங்க. முதுகு மட்டுந்தான்."

அவருக்கும் அப்பாடா என்று இருந்திருக்க வேண்டும். விரிப்பு சுருட்டியபடியே கிடக்க, முதுகுக்கு என்னென்ன செய்ய வேண்டுமோ அதையெல்லாம் சிரத்தையாகச் செய்தார். கைப்பிடியை உயர்த்தினார், கிட்டே கொண்டுவந்தார். முகவரி எழுதும்போது நிமிர்ந்து, "பரமத்தி வேலூருங்களா? போன மாசம் அங்கிருந்து ஒரு பேங்க் மேடம் வந்தாங்க. அவங்களுக்கும் முதுகுதானுங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். காது இரண்டும் சுட்டன. அந்த அம்மாள் இதே தாங்கியின் மேல், இதே காலண்டரைப் பார்த்துக்கொண்டு, இதே பொய்யைச் சொல்வது அப்படியே கண்ணில் தெரிந்தது.

கைப்பிடி உயர்ந்ததில் உடம்பின் பாரமெல்லாம் பின்னால் வந்து அந்தக் குறுகலான சீட்டின் மேலேயே இறங்கியது. வலி முன்னைவிட மோசம். அடுத்த வாரம் மறுபடி போனேன். கடைக்கு வெளியே நின்றுகொண்டு, உண்மையை இரண்டு வரியில் போனில் தட்டி, உள்ளே இருந்தவருக்கு அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது. உள்ளே போனபோது விரிப்பு சீட்டின் மேல் தயாராக இருந்தது. மெத்தை வைத்த சைக்கிள் கால்சட்டைக்குள் வேறு எதையும் போடக் கூடாது என்பதை அவரால் சொல்ல முடியவில்லை. சுவரில் ஒட்டியிருந்த ஒரு படத்தை மட்டும் ஸ்குரூ டிரைவரால் சுட்டிக் காட்டிவிட்டு, தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். நான் மாற்றிக்கொண்டு வந்து ஏறியதும் திரையை என் பக்கம் திருப்பி, "நீங்களே பாருங்க" என்றார். உட்காரும்போது பின்பக்கத்து இரண்டு எலும்புகள் தாங்க வேண்டிய இடத்தில் வெளிறிய நீலம். நடுவில், முன்னே, ரத்தச் சிவப்பாக ஒரு கோடு. ஜெல் உறையைப் போட்டுப் பார்த்தால் அந்தக் கோடு இன்னும் அகன்றது. வேறு வேறு சீட்டுகளை மாட்டி மாட்டிப் பார்த்தோம். கடைசியில், பின்பக்கம் அகன்று, நடுவில் பள்ளம் விட்ட ஒன்றில் உட்கார்ந்தபோது சிவப்பு கரைந்து, பின்னால் இரண்டு பச்சைத் திட்டுகளாகப் பிரிந்தது. அன்று மாலை வாய்க்கால் கரையில் நான் எங்கேயும் இறங்கவில்லை. கொடிக்கால்கள் தம் பாட்டுக்குப் பின்னால் போயின.

மறுநாள் மதியம் சாப்பாட்டு அறையில், காசாளர் எதிரில், மேடம் சாதாரணமாகச் சொன்னார். "இனி சைக்கிள் வேண்டாம்னு விட்டுட்டேன். முதுகு தாங்கல. வயசாச்சில்ல?" காசாளர், "இந்த வயசுல உங்களுக்கு எதுக்குங்க மேடம் அதெல்லாம்?" என்று ரசத்தை ஊற்றிக்கொண்டார். மேடம் சிரித்தார். நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்கள் இருந்தார்கள், அதனால் பேசவில்லை என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு அவருடைய அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்த பொழுதுகளும் வந்தன. வாயைத் திறந்தால் நான் பொய் சொன்னது தெரியும். அவர் சொன்ன பொய் எனக்குத் தெரியும் என்பதும் தெரியும். இரண்டில் எது என்னைத் தடுத்தது என்று இன்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவரிடம் இருந்தது ஒரே ஒரு மணி நேரம். அது போவதைப் பார்த்துக்கொண்டே, வலி இல்லாமல், நான் மட்டும் ஜேடர்பாளையம் போய்வந்துகொண்டிருந்தேன். பிறகு அவரை ஆத்தூருக்கு மாற்றிவிட்டார்கள்.

போன மாதம், ஆத்தூருக்குப் பஸ் ஏறினேன். பையில் சேலத்துக்காரரிடம் வாங்கிய சீட்டு, என்னுடையதைப் போலவே. மேடத்தின் புதிய அறையில், மேசை மேல் அதை வைத்தேன். பஸ்ஸில் ஒத்திகை பார்த்த எதுவும் வரவில்லை. "மேடம், எனக்கு முதுகு வலியே இல்லைங்க" என்று மட்டும் வந்தது.

அவர் சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நடுவில் இருந்த பள்ளத்தில் விரலை ஓட்டினார்.

"அப்பவே சொல்லியிருக்கலாமில்ல சாமி" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நான் மட்டும் சொன்னேனாக்கும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சைக்கிள் இருக்குதுங்களா மேடம்?"

"கொழுந்தனார் பொண்ணுக்குக் குடுத்துட்டேன். காலேஜுக்கு அதுலதான் போறா." எதையோ நினைத்துக்கொண்டவர் போல நிறுத்தினார். "போன வாரம் பேசினா. சைக்கிள் ஜம்முனு இருக்குது பெரியம்மா, முதுகுதான் வலிக்குதுன்னா."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. மேடம் போனை எடுத்தார். அந்தச் சமயம் பார்த்து டீத் தட்டோடு கடைநிலை ஊழியர் ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரிவதற்குள், மேசை மேல் இருந்த அந்தப் பழுப்புக் கைப்பையை எடுத்துச் சீட்டின் மேல் வைத்திருந்தேன்.

மேடம் அதைக் கவனித்தார். ஊழியர் டம்ளரை வைப்பதையும் பொருட்படுத்தாமல், வங்கியில் கடன்காரர்களிடம் பேசும் அதே உரத்த குரலில், "கண்ணு, பெரியம்மா பேசறேன். முதுகு வலிங்கிறயே, முதுகேதானா? வெக்கப்படாமச் சொல்லு" என்றார்.

ஊழியர் நின்று பார்த்தார். எதிர்முனையில் அந்தப் பெண் எதுவும் பேசாமல் இருப்பது எனக்கும் கேட்டது. பை சீட்டின் மேலேயே இருந்தது. அதை எடுக்க எனக்குக் கை வரவில்லை.