அப்பாவின் ரேசருக்கு ஒரு மரப்பிடி

சவர்க்கார நுரையும் வாவிக்காற்றின் உப்பும் கலந்த வாசம்... காலை ஆறு மணி. அப்பா முற்றத்துக் கதிரையில் முகத்தை நிமிர்த்தி இருப்பார். ரேசர் அம்மாவின் கையில்.

ஷெல் துண்டு பட்டதிலிருந்து அப்பாவின் வலது கை பாதிதான் மடங்கும். ரேசரின் மெல்லிய இரும்புப் பிடி அதற்குள் நிற்காது. தாடி விடவும் முடியாது. அடையாள அட்டைப் படத்தில் மழித்த கன்னமும் மீசையும். வேலைக்குப் போகும் வழியில், பாலத்தடியில், ஆமிக்காரர் அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். நாலு நாள் தாடிக்காக ஒருமுறை மத்தியானம் வரை வெயிலில் நிறுத்திவைத்தார்கள்.

"ஆடாம இருங்க. மீசையில பட்டா, பிறகு நான்தான் பாலத்துக்கு வந்து சாட்சி சொல்லணும்."

அப்பா சிரிக்கமாட்டார். "விடிஞ்சா பொஞ்சாதிக்குக் கன்னத்தக் காட்டுற பிழைப்பாப் போச்சு" என்பார்.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. எதற்கும் புத்தகத்தில் விடை இருக்கும் என்று நம்பினேன். தடித்த பிடிக்கு எந்த மரம் நல்லது என்று வாசிகசாலையில் தேடியதில், உறுதிக்கும் அழகுக்கும் முதிரை மரம் என்று இருந்தது. இடிந்த வீடொன்றின் கதவு நிலையிலிருந்து ஒரு துண்டு எடுத்துவந்தேன். மூன்று நாள் அராவி, உடைந்த போத்தல் ஓட்டால் சுரண்டி, கண்ணாடிபோல மினுக்கினேன். காய்ச்சிய கம்பியால் துளைபோட்டு, இரும்புப் பிடியை உள்ளே இறுக்கினேன்.

அப்பாவின் நனைந்த கையில் முதல் இழுப்பிலேயே நழுவியது. நாடியில் இரத்தம்.

"நல்ல வடிவாச் செய்திருக்காய் புள்ள" என்றார் அப்பா, துவாயால் துடைத்துக்கொண்டே. அதற்குத்தான் அழுதேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, பக்கத்து வீட்டுத் தோணிக்கார மாமா கரை சேர்வதைப் பார்த்தேன். கை முழங்கை வரை ஈரம். துடுப்பு வழுக்கவில்லை. அதன் பிடியில் மினுக்கமே இல்லை...

"மாமா, பழைய துடுப்பு இருக்கா?"

"என்னத்துக்கு கா? படிப்ப விட்டுட்டுத் தோணி தாங்கப் போறியோ?"

"அப்பாட ரேசருக்கு."

பிறகு அவர் பகிடி விடவில்லை. கொட்டிலுக்குள் கிடந்த உடைந்த துடுப்புகளை அள்ளிவந்து போட்டார். நான் கையை வாவியில் நனைத்து, விரல்களை அப்பாவைப்போலப் பாதி மடக்கி, ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். நாலாவது நின்றது. பூவரசு. பாரமே இல்லை. ஒரு சாண் அறுத்தெடுத்தேன். இந்த முறை மினுக்கவில்லை.

அடுத்த நாள் அப்பா தானே மழித்தார். நெடுநேரம் எடுத்தது. இடது காதுக்குக் கீழே ஒரு கோடு மழிபடாமல் தப்பியிருந்தது. அம்மாவின் கை நீண்டது. பின் மடங்கியது.

"சரியா?"

"ஓம். சரி. போயிற்று வாங்க."

அவர் போனபின் அம்மா என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. பின்னேரம் அப்பாவின் சைக்கிள் வாசல் படலையில் சாய்ந்த பிறகுதான் அம்மா அடுப்பை மூட்டினார்.

இப்போது அந்தப் பாலத்தில் யாரும் அட்டை கேட்பதில்லை. போன கிழமை வீடியோ கோலில் அம்மா முறைப்பாடு சொன்னார்:

"பாரு புள்ள, மாசக்கணக்கா ஷேவ் எடுக்கல்ல. கேட்டா, இனி ஆரு பாக்கப் போறான் எண்டு கேக்கிறார்."

திரையில் அப்பா. கழுத்தை மறைத்த வெள்ளைத் தாடி. அதைத் தடவிக்கொண்டு சிரித்தார்... எந்த அட்டையிலும் இல்லாத ஒரு முகம்.

நான் மழிக்கச் சொல்லவில்லை.